முகம் காணாமல் பேசும்போது

(பொன்விழா ஆண்டின் குடும்ப ஞாயிறன்று, அன்பிய ஒருங்கிணைப்பாளர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கைப்பேசியில் நாம் அனுப்பும் செய்திகளைப் பற்றியும், அவற்றில் ஒரு கிறிஸ்தவன் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கத்தைப் பற்றியும் பேசும்படி பங்குத்தந்தை எங்களைப் பணித்தார். பொன்விழா மேடையில் பேசுவதற்கு இதுவும் ஒரு பொருளா என்று எங்களுள் சிலர் முதலில் தயங்கியது உண்மை. ஆலயம் எழும்பிய கதையைப் பேசலாம். அதற்குக் கல் சுமந்த பெரியவர்களைப் பற்றிப் பேசலாம். ஆயினும் அவர்கள் கல் சுமந்தது நாம் ஒரே குடும்பமாய்க் கூடி வாழ வேண்டும் என்பதற்காகத்தானே? அந்தக் குடும்பப் பேச்சில் பெரும்பகுதி இன்று உள்ளங்கை அகலக் கருவியின் வழியாக நடக்கிறது. அதிலே அன்பு வளர்கிறதா, தேய்கிறதா என்று சிந்திக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். அறிவுரை கூறும் தகுதி பெற்றவர்களாக நாங்கள் உங்கள் முன் நிற்கவில்லை. இந்தக் காரியத்தில் தவறு செய்தவர்களாகவே நிற்கிறோம்.

மணியோசையும் தந்தியும்

இந்தக் கோவில் எழும்பிய நாட்களில் ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் செய்தி சொல்ல நமக்கு இருந்தது கோவில் மணி ஒன்றே. பூசை மணி வேறு, திரிகால செப மணி வேறு, துக்க மணி வேறு. சிறு பிள்ளைக்கும் அந்த வேறுபாடு தெரியும். துக்க மணிக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இறந்தவர் வீட்டார் முதலில் நெருங்கிய உறவினருக்கு ஆள் அனுப்புவார்கள். பிறகு உபதேசியாரிடம் வந்து சொல்வார்கள். பங்குத்தந்தையின் உத்தரவு கிடைத்த பின்னரே கோவில்பிள்ளை மணிக்கயிற்றைத் தொடுவார். அந்த மணியைக் கேட்டு, "என் தகப்பனார் இறந்துவிட்டாரா?" என்று ஒரு மகன் திடுக்கிட நேர்ந்ததில்லை. மகனுக்குத்தான் முதலில் தெரியும். மணி அதற்குப் பின்புதான்.

வெளியூரில் இருப்பவர்களுக்குத் தந்தி போகும். மரணம் நிகழ்ந்த பின்பும்கூட, "தாயார் கவலைக்கிடம், உடனே புறப்படவும்" என்றுதான் பல வீடுகளில் தந்தி கொடுத்தார்கள். அது பொய்யாகாதா என்று கேட்கலாம், கேட்பதும் நியாயமே. ஆனால் தனியாக இரவெல்லாம் ரயிலில் வரப்போகிற பிள்ளை இடிந்துபோய்விடக் கூடாதே, வாசலில் நின்று கட்டிக்கொள்ள ஆள் இருக்கும்போது அறியட்டுமே என்ற பரிவு அதற்குள் இருந்தது. நம் நாட்டில் அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுக்கு வந்தது. தந்தி போனதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. அதை எழுதியவர்களின் பரிவும் கூடவே போய்விட்டதா என்பதுதான் நம் கவலை.

குறுஞ்செய்தி பிறந்த கதை

குறுஞ்செய்தி பிறந்த கதையை அறிந்தால் கத்தோலிக்கர்களாகிய நாம் மகிழ்ச்சி அடைவோம். 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து ரிச்சர்டு ஜார்விஸ் என்பவரின் கைப்பேசிக்கு உலகின் முதல் குறுஞ்செய்தியை அனுப்பினார். அச்செய்தி வேறொன்றுமில்லை, கிறிஸ்துமஸ் வாழ்த்து! பெற்றவரால் பதில் அனுப்ப முடியவில்லை. அவருடைய கருவியில் அந்த வசதி அப்போது இல்லை. அதே ஆண்டு அக்டோபரில்தான் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை உலகுக்கு வழங்கினார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்வோம். அந்நூலை நாம் பின்னர் தேட வேண்டியிருக்கும்.

ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்று வரம்பு கட்டியவர்களுள் முக்கியமானவர் ஜெர்மானியரான ஃபிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட். 1985-இல் அவர் பல வாக்கியங்களைத் தட்டச்சு செய்து எண்ணிப்பார்த்து, ஒரு மனிதன் சொல்ல வேண்டியதைச் சொல்ல இது போதும் என்று முடிவு செய்தாராம். தமிழில் எழுதினால் 70 குறிகளே கிடைத்தன. அதனால் நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகினார்கள். 2009-இல் வாட்ஸ்அப் வந்தபின் அந்த வரம்பும் போயிற்று. படமும் குரலும் சேர்ந்து வந்தன.

இதனால் விளைந்த நன்மைகளை நாம் மறக்கலாகாது. 2020-இல் ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, குருத்து ஞாயிறும் பெரிய வியாழனும் நம் வீட்டுக்குள் வந்தது இந்தக் கருவியால்தான். நள்ளிரவில் இரத்தம் வேண்டும் என்று ஒரு செய்தி போட்டால், விடியுமுன் மருத்துவமனை வாசலில் நான்கு இளைஞர்கள் நிற்கிறார்கள். கருவியைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை.

நாங்கள் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. குடும்பத்தாரின் இசைவு பெற்றே சொல்கிறோம். பெயரும் தெருவும் சொல்லமாட்டோம். நம் பங்கின் பெரியவர் ஒருவர் மருத்துவமனையில் இறந்தார். அங்கே நின்றிருந்த ஒருவர் எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய படத்தைத் தேடி எடுத்து, "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதி, அன்பியக் குழுவில் நாங்கள் போட்டுவிட்டோம். முந்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எங்களிடம் இருந்ததா? இல்லை என்று சொல்ல மனம் துணியவில்லை. அரை மணி நேரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட இரங்கல்கள் அதன்கீழ் வந்து குவிந்தன. கைகூப்பும் படங்கள், பூங்கொத்துகள், எரியும் மெழுகுதிரிகள்.

அவருடைய மகன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். அவரும் அந்தக் குழுவில் இருந்தார். இது எங்களுக்கு நினைவில் இல்லை. அங்கே அதே ஊரில் வேலை செய்யும் சித்தப்பா மகன், மாலையில் அவர் அறைக்குப் போய் அருகில் அமர்ந்துகொண்டு சொல்வதாகவும், பிறகு தாயார் பேசுவதாகவும் வீட்டில் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், தமிழ் அறியாத தொழிலாளர்கள் நடுவே, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் கைப்பேசியைத் திறந்திருக்கிறார்.

அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குத்தான் வந்தார். அதற்குள் ஒரு மன்னிப்புச் செய்தி அனுப்பிவிட எண்ணி, மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தோம். முடிவில், அவர் வந்த அன்று வீட்டுக்கு நேரில் சென்றோம். எங்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, அவர் சொன்னது இதுதான்: "நீங்க கெட்ட எண்ணத்துல செய்யலேன்னு தெரியும்ண்ணே. ஆனா அம்மா வாயால கேட்க வேண்டியத நான் குழுவுல படிச்சேன்."

அந்த வார்த்தைதான் இன்றைய உரைக்குக் காரணம். கைப்பேசியில் நாம் செய்யும் பிழைகள் பலவற்றுக்கும் வேர் ஒன்றே: படிக்கிறவர் முகம் நம் கண்முன் இல்லை. எதிரே நிற்கிறவரிடம் பேசும்போது அவர் கண் கலங்கினால் நாம் நிறுத்திக்கொள்வோம். முகம் சுளித்தால் சொல்லை மாற்றிக்கொள்வோம். கண்ணாடித் திரைக்கு அந்த முகம் கிடையாது. ஆகவே அனுப்புமுன் அந்த முகத்தை நாமாகவே மனக்கண்முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இதுவே கைப்பேசி ஒழுக்கத்தின் முதற்பாடம் என்று நாங்கள் கற்றுக்கொண்டோம்.

நேரில் சொல்ல வேண்டியவை

திருத்தூதர் அருளப்பர் பெயரால் வழங்கும் இரண்டாம், மூன்றாம் திருமுகங்களைப் படித்திருப்பீர்கள். மிகச் சிறியவை, ஒரு பக்கத்துக்குள் அடங்கும். இரண்டின் முடிவிலும் ஒரே எண்ணம் வருகிறது. எழுத இன்னும் எத்தனையோ இருந்தும், அவற்றை மையால் எழுதியனுப்ப மனமில்லை என்றும், நேரில் வந்து பேசவே விரும்புவதாகவும் அவர் தெரிவிக்கிறார். எழுதத் தெரிந்தவர்தான், ஆனால் எதை எழுதலாம், எதை நேரில்தான் பேச வேண்டும் என்று பகுத்தறிந்தவர்.

நம் வழக்கத்திலும் இந்தப் பகுத்தறிவு உண்டு. கலியாண ஓலை கோவிலில் வாசிக்கப்பட்டாலும், தாய்மாமன் வீட்டுக்குப் பத்திரிகையோடு நேரில் போகிறோம். பத்திரிகையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, "மாமா வந்துவிடுங்கள்" என்று எழுதினால் மாமா வருவாரா? வந்தாலும் மனம் நிறைந்து வருவாரா? தூரத்தில் இருப்பவருக்கு அனுப்பலாம்; அப்போதும் முதலில் குரலால் அழைத்துவிட்டு அனுப்புவது பண்பு. மரணம், நோயின் கடுமை, சம்பந்தம் முறிந்தது, வேலை போனது, மன்னிப்பு, கடுமையான கண்டிப்பு ஆகியவை எழுத்தில் அடங்குபவையல்ல.

கண்டிப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தவறு செய்த சகோதரனை எப்படித் திருத்துவது என்று நம் ஆண்டவர் மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் படிப்படியாகக் கற்பிக்கிறார். முதலில் தனியே போய்ப் பேச வேண்டும், கேளாவிட்டால் ஓரிருவரோடு, அதற்கும் பின்னரே சபைக்குச் சொல்வது. நம் குழுக்களிலோ கடைசிப் படியிலேயே தொடங்குகிறோம். திருவிழாக் கணக்கில் ஓர் ஐயம் என்றால், பொருளாளரைத் தேடிப் போகாமல், இருநூறு பேர் படிக்கும் குழுவில் கேள்வியைப் போட்டுவிடுகிறோம். அவர் பதில் எழுதுமுன் பத்துப் பேர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கணக்கு சரியாயிருந்தது என்று மறுநாள் தெரிந்தாலும், அந்த மனிதர் அடுத்த ஆண்டு பொறுப்பேற்க முன்வருவதில்லை.

கை மாற்றிவிடும் செய்திகள்

தாமே எழுதாமல், வந்ததை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவோர் நம்மில் அதிகம். "நான் எழுதவில்லையே, வந்ததைத்தானே அனுப்பினேன்" என்கிறோம். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே நடந்ததை எண்ணிப்பாருங்கள். குலதெய்வக் கோவிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் நடமாடுகிறது என்ற வதந்தி ஏற்கெனவே கைப்பேசிகளில் பரவியிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில், அறுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அந்த வதந்தியைத் தள்ளிவிட்ட ஆயிரம் விரல்களுள் எதுவும் அவரைத் தொட்டதில்லை. ஆயினும் அந்த விரல்களுக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

அதே ஆண்டு ஜூலையில், நாட்டில் இத்தகைய கொலைகள் பல நடந்தபின், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு கட்டியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கே அனுப்பலாம் என்று இறுக்கியது. நிறுவனம் கட்டிய வரம்பு இது. மனச்சாட்சி கட்டும் வரம்பு எங்கே? சிறு தீப்பொறி பெருங்காட்டை எரிப்பதுபோல நாக்கு எரிக்கும் என்று யாகப்பர் தம் திருமுகத்தில் எச்சரித்தார். இன்றைக்கு நாக்கின் வேலையைப் பெருவிரல் செய்கிறது.

உரோமையில் வாழ்ந்த புனித பிலிப் நேரியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். புறங்கூறிய பாவத்தை அறிக்கையிட்ட ஒரு பெண்ணிடம், ஒரு கோழியின் இறகுகளைத் தெருவெங்கும் பிய்த்துப் போட்டுக்கொண்டே வரும்படி அவர் சொன்னாராம். வந்ததும், "இனி அவற்றைப் பொறுக்கி வா" என்றாராம். அனுப்பிய செய்தியை அழிக்கும் வசதி 2017 முதல் வாட்ஸ்அப்பில் உண்டுதான். ஆனால் அதற்குள் படித்தவர் மனத்திலிருந்து யார் அழிப்பது? படம் பிடித்து வைத்துக்கொண்டவரிடமிருந்து யார் பொறுக்கி எடுப்பது?

மறைக்கல்வி நூல் 2477-ஆம் எண்ணில் மூன்று குற்றங்களைப் பிரித்துக் காட்டுகிறது: போதிய ஆதாரமின்றிப் பிறரைத் தீர்ப்பிடுதல்; பிறருடைய குறையைத் தக்க காரணமின்றி, அறியாதவர்களுக்கு வெளிப்படுத்துதல்; பொய்யுரைத்து ஒருவர் பெயரைக் கெடுத்தல். இதில் இரண்டாவதைக் கவனியுங்கள். சொல்வது உண்மையாகவே இருந்தாலும் குற்றமாகலாம். நம்பி அனுப்பிய தனிச் செய்தியைப் படம் பிடித்து மூன்றாம் ஆளுக்குக் காட்டுவது இதில்தான் சேரும். விபத்தில் கிடப்பவரின் படம், தேர்வில் தவறிய பிள்ளையின் மதிப்பெண், ஒரு பெண்ணின் முகம் தெரியும் படம் ஆகியவற்றை அவர்களைக் கேளாமல் அனுப்புவதும் அப்படியே.

இங்கே எங்கள் சொந்தக் குறை ஒன்றும் உண்டு. ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி கொடுக்கும்போது படம் எடுத்துக் குழுவில் போட்டு வந்தோம். நன்கொடையாளர் பார்க்க வேண்டுமே என்பது காரணம். ஒரு பள்ளிச் சிறுமி, தன் தாய் பையை வாங்கும் படத்தை வகுப்புத் தோழியின் கைப்பேசியில் பார்த்துவிட்டு அழுதாள் என்று பின்னர் கேள்விப்பட்டோம். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாதென்று மலைப்பொழிவில் கேட்டவர்கள் நாம்; ஊருக்கே காட்டினோம். இப்போது கணக்கு மட்டும் போகிறது, முகம் போவதில்லை.

சிறு பண்புகள்

சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். இத்தனை பேருக்கு அனுப்பினால் அற்புதம் நடக்கும், அனுப்பாவிட்டால் துன்பம் வரும் என்று வரும் செபச் சங்கிலிகளைத் தயவுசெய்து அறுத்துவிடுங்கள். முன்பு அஞ்சலட்டையிலும் துண்டுப் பிரசுரத்திலும் வந்த அதே மூடநம்பிக்கைதான் இது. தந்தையாகிய கடவுள் எண்ணிக்கை பார்த்து வரம் கொடுப்பவரல்லர்.

இரவு பத்துக்குமேல் குழுவில் வாழ்த்துப் படங்கள் வேண்டாம். நம் பங்கில் இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் செவிலியர்களும் இருக்கிறார்கள்; அவர்களை நேரம் பார்த்து அழையுங்கள். படித்துவிட்டதாக நீலக் குறி காட்டியும் பதில் வரவில்லை என்று ஒருவரைக் குறை எண்ணாதீர்கள். அவர் பணியில் இருக்கலாம். நோயாளி அருகில் இருக்கலாம். என்ன எழுதுவதென்று அறியாமல் கலங்கியும் இருக்கலாம். வண்டி ஓட்டும்போது செய்தி பார்ப்பது நம் உயிரோடும் பிறர் உயிரோடும் விளையாடுவதாகும். பூசை நேரத்தில் கருவியை அமர்த்திவையுங்கள். பங்குத்தந்தையின் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் கேட்டுப் போலிச் செய்திகள் வருவதுண்டு. அவருடைய குரலைக் கேட்காமல் ஒரு காசும் அனுப்ப வேண்டாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பங்களுக்கு மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பக் கற்பித்தார்: அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்பு வேண்டுவது. கைப்பேசிக்கும் இம்மூன்றும் போதும். பிறர் படத்தையோ செய்தியையோ அனுப்புமுன் அனுமதி. உதவியவருக்குப் படத்தால் அல்லாமல் சொல்லால் நன்றி. புண்படுத்திவிட்டால் நேரில் மன்னிப்பு.

அன்பியங்கள் கூடி ஒரு தீர்மானம் செய்திருக்கிறோம். மரணச் செய்தியைக் குடும்பத்தார் வாயிலிருந்து, "எல்லாருக்கும் சொல்லியாயிற்று, இனிப் போடலாம்" என்று கேட்ட பின்பே குழுவில் போடுவது. பழைய துக்க மணியின் ஒழுங்குதான் அது. அண்மையில் ஒரு மரணத்தின்போது செய்தி போட நான்கு மணி நேரம் ஆயிற்று. ஏன் இவ்வளவு தாமதம், பக்கத்துப் பங்கில் முந்திவிட்டார்களே என்று சிலர் எங்களைக் கடிந்துகொண்டார்கள். இறந்தவரின் மகள் அப்போது ரயிலில் வந்துகொண்டிருந்தாள். நிலையத்தில் அவளைக் கூட்டிவர அண்ணன் போயிருந்தான். அவன் சொல்லட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம்.

அந்த நான்கு மணி நேரத்துக்காக நாங்கள் வருந்தவில்லை. ஐம்பது ஆண்டுகளாய் நம்மை ஒரே குடும்பமாய்க் காத்துவரும் இறைவன், நம் நாவையும் விரலையும் தம் அன்புக்கே பணிசெய்ய வைப்பாராக. பாதுகாவலர் நமக்காகப் பரிந்து பேசுவாராக.